சிபாப் மெஷின்: இன்ஷூரன்ஸ் கைவிரித்தது, புதுச்சேரி கடை கைகொடுத்தது

சிபாப் மெஷின் (தூங்கும்போது மூச்சுப் பாதை அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவி) வாங்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் ஒன்று. ஹெல்த் இன்ஷூரன்ஸ் பணம் தந்துவிடும் என்று நம்பி எந்தக் கடையிலும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் தராது. எனக்குத் தரவில்லை. நான் கடலூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன், எந்தக் காகிதத்தையும் வரிவரியாகப் படிக்கிற பழக்கம் உண்டு, அதனால் கிடைக்காது என்பது கிளெய்ம் போடும் முன்பே தெரிந்துதான் இருந்தது. இருந்தும் போட்டேன், மறுப்பை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. அப்புறம் கைக்காசு போட்டு மெஷின் வாங்கியது புதுச்சேரியில், காமராஜர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் முதல் மாடியில் இருக்கும் கடையில். கடையைப் பற்றி மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும், பணம் எங்கிருந்து வரும், எங்கிருந்து வராது என்பதும் தெரிய வேண்டும், அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக, பெயர் ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது, ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை உலுக்கி எழுப்புகிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. மணிக்கு எத்தனை தடவை இப்படி நடக்கிறது என்ற கணக்குக்குத்தான் ஏஹெச்ஐ என்று பெயர். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. எனக்கு 38 வந்தது. குறட்டை என்றால் ஆம்பளைகளுக்கு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பெண்கள் போய் உடம்பு அசதியாக இருக்கிறது, காலையில் தலை வலிக்கிறது என்று சொன்னால் தைராய்டு பார், ரத்தசோகை பார் என்று அனுப்புகிறார்கள், தூக்கத்தில் மூச்சைக் கண்காணிக்கும் ஸ்லீப் ஸ்டடி பரிசோதனை எழுதிக் கொடுக்க வருடங்கள் ஆகிவிடுகின்றன. மாதவிலக்கு நிற்கும் வயதைத் தாண்டினால் பெண்களுக்கும் இது கூடுகிறது. உங்கள் வீட்டில் அம்மாவோ அக்காவோ பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுந்தால் வேலைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, இன்ஷூரன்ஸ். என் பாலிசியில் நிரந்தர விலக்குகள் பகுதியில் ஒரு வரி இருக்கிறது, கம்பெனிக்குக் கம்பெனி வார்த்தை மாறலாம், பொருள் ஒன்றுதான்: நோயைக் கண்டறியவோ சிகிச்சைக்கோ வெளியில் வைத்துப் பயன்படுத்தும், நீண்ட நாள் உழைக்கும் உபகரணங்களுக்குப் பணம் கிடையாது, உதாரணமாக சிபாப், சிஏபிடி (வீட்டிலேயே வயிற்றின் வழியே செய்யும் டயாலிசிஸ்), இன்ஃப்யூஷன் பம்ப் (மருந்து ஏற்றும் கருவி). பெயரைச் சொல்லியே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்லீப் ஸ்டடி செலவும் வரவில்லை. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்துத்தான் எடுத்தேன், ஆனால் பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆவது பெரும்பாலான பாலிசிகளுக்குப் பொதுவான விலக்குகளில் ஒன்று. அலுவலகத்தில் எடுத்துக் கொடுத்திருக்கும் குரூப் பாலிசியில் ஓபிடிக்கு, அதாவது அட்மிட் ஆகாமல் பார்க்கும் வைத்தியத்துக்கு என்று ஒரு சின்னத் தொகை உண்டு, அதில் டாக்டர் ஃபீஸும் டெஸ்ட்டில் ஒரு பகுதியும் கிடைத்தது, அவ்வளவுதான். குரூப் பாலிசி உள்ளவர்கள் ஹெச்ஆரிடம் ஓபிடி லிமிட் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

ஏஜென்ட்கள் சிலர் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பட்டியலில் சிபாப் இருக்கிறது, அதனால் கவர் ஆகும் என்று அடித்துச் சொல்வார்கள். இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது ஆஸ்பத்திரிக்குள் நோயாளிக்கு சிபாப் அல்லது அதைப் போன்ற பைபாப் மெஷின் வைத்தால் அதற்குத் தனி பில் போடாமல் சிகிச்சைச் செலவிலேயே அடக்கிக்கொள்ள வேண்டும் என்கிற பட்டியல். நீங்கள் வீட்டில் கட்டில் பக்கத்தில் வைக்க வாங்கும் மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. அதே பாலிசியில், அதே விலக்குகள் பகுதியில், உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை பற்றி வருகிறது. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 40 இருந்தால் உண்டு, அல்லது 35 இருந்து கூடவே சில கடுமையான நோய்களில் ஒன்று இருந்து மற்ற சிகிச்சைகள் பலன் தராமல் போயிருந்தால் உண்டு. அந்த நோய்களின் வரிசையில் கடுமையான ஸ்லீப் ஆப்னியாவும் நிற்கிறது. அதாவது வயிற்றைக் கிழித்துச் செய்யும் லட்சக்கணக்கான ரூபாய் ஆபரேஷனுக்கு இந்த நோய் ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது, ஆனால் 60,000 ரூபாய்க்குள் வரும் மெஷினுக்கு ஏற்றுக்கொள்ளப்படாது. 1981-லேயே ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் செய்து காட்டிய சிகிச்சை இது, பரீட்சார்த்தமான விஷயம் ஒன்றும் இல்லை. கவனிக்காமல் விட்டால் பிபி, இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் என்று எல்லாவற்றோடும் தொடர்புள்ள நோய். அவை வந்து ஐசியூவில் படுத்தால் இதே கம்பெனி பணம் கட்டும். வராமல் தடுக்கக் கட்டாது. இது மாற வேண்டும், நம்மைப் போன்றவர்கள் எழுத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் பாலிசியில் அந்த உபகரண விலக்கு வரி இல்லையென்றால், அல்லது மறுப்புக் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று குறிப்பிடாமல் மொட்டையாக மறுத்திருந்தால், விடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள், ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மன், அதாவது புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை அலுவலகம்தான். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. என் பாலிசியில் வரி தெளிவாக இருந்ததால் நான் அதுவரை போகவில்லை.

இப்போது சில புதிய பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் கட்டினால் வீட்டு உபயோக மருத்துவ உபகரணங்களுக்கும் ரைடர், அதாவது கூடுதல் கவர் தருகிறார்கள். ஆனால் நோய் ஏற்கெனவே தெரிந்த பிறகு எடுத்தால் காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை இருக்கலாம், 2024 ஏப்ரலுக்கு முன்னால் அது 48 ஆக இருந்தது. மூச்சு அடைத்துக்கொண்டு மூன்று வருடம் காத்திருக்க முடியாது இல்லையா. ரிப்போர்ட்டைக் காட்டாமல் பாலிசி எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், நாளைக்கு வேறு ஏதோ பெரிய நோய்க்கு கிளெய்ம் போடும்போது மறைத்தாய் என்று சொல்லி மொத்தமாகக் கையை விரிப்பார்கள்.

பணம் கிடைக்கிற ஒரு கூட்டமும் உண்டு. என் மாமா மத்திய அரசுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று முதலியார்பேட்டையில் இருக்கிறார், அவருக்கு மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சிஜிஹெச்எஸ்ஸில் கிடைத்தது. ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட், ஸ்பெஷலிஸ்ட் சீட்டு இரண்டையும் வைத்து வாங்கும் முன்பே அனுமதி கேட்க வேண்டும், உச்சவரம்பு வரைதான் தருவார்கள். முன் அனுமதி என்பதைக் கொட்டை எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள், முதலில் வாங்கிவிட்டு அப்புறம் பில்லைத் தூக்கிக்கொண்டு போனால் அலைச்சல். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மனைவியின் அப்பாவுக்கு அங்கே மெடிகேர் என்ற அரசு இன்ஷூரன்ஸில் நேரடியாக விற்பதே இல்லையாம், 13 மாதம் வாடகை, இன்ஷூரன்ஸ் 80 சதவீதம் கட்டும், அதன் பிறகு மெஷின் நமக்கே சொந்தம். ஆனால் ஆரம்ப மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து வரும் ஏதாவது ஒரு 30 நாளில், 70 சதவீத ராத்திரிகளாவது 4 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும், மெஷினே கணக்கு அனுப்பிவிடும், குறைந்தால் பணம் நிற்கும். கேட்கக் கெடுபிடியாக இருந்தாலும் முதலில் பழகிப் பார், பிறகு சொந்தமாக்கு என்கிற முறை எனக்குப் பிடித்திருந்தது. இங்கே கைக்காசு போடுகிற நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

அதனால்தான் இந்தக் கடை. ஸ்லீப் ஸ்டடி எடுத்த ஆஸ்பத்திரியிலேயே ரிப்போர்ட் வரும் முன் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து உட்கார்ந்துவிட்டார், ஒரே ஒரு மாடல், அட்டையில் போட்ட விலை, இன்றே புக் செய்தால் மாஸ்க் இலவசம் என்றார். எந்த மாஸ்க், என்ன சைஸ் என்று கேட்டதற்கு எல்லாருக்கும் இதுதான் என்று பதில். எழுந்து வந்துவிட்டேன். கடலூரில் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் சர்ஜிகல் கடைகளில் விசாரித்தேன், நெபுலைசர், ஆக்சிஜன் எல்லாம் இருக்கிறது, சிபாப் என்றால் ஆர்டர் போட்டு வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். போட்டுப் பார்த்து வாங்க முடியாது. புதுச்சேரி கடையில் மாத வாடகை 4,500, திருப்பித் தரும் டெபாசிட் 15,000, ஒரு மாதத்துக்குள் வாங்குவதாக இருந்தால் வாடகையை விலையில் கழித்துவிடுவார்கள் என்று சொன்னார்கள், அதை ரசீதிலேயே எழுதியும் கொடுத்தார்கள். வேறு எதற்காக இல்லையென்றாலும் இதற்காகவே இந்தக் கடையைச் சொல்வேன்.

அதைவிடப் பெரிய காரணம் மாஸ்க். உள்ளே ஒரு சின்ன அறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். டெக்னீஷியன் தம்பி என்னைப் படுக்கச் சொல்லி, எனக்கு எழுதியிருந்த பிரஷரிலேயே மெஷினை ஓடவிட்டு, இடது பக்கம் திரும்புங்க அக்கா, இப்ப வலது பக்கம், வாயைத் திறந்து மூடுங்க என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூக்கின் ஓட்டையில் உட்காரும் பில்லோ மாடல்தான் இருப்பதிலேயே சின்னது, எனக்கும் அதுதான் பிடித்தது, ஆனால் என் மூக்குத்தி மேல் அதன் ஓரம் ஏறி உட்கார்ந்து காற்று கண்ணை நோக்கிச் சீறியது. மூக்குத்தியைக் கழற்றிவிடுங்கள் என்றுதான் வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. மூக்கு முழுவதையும் வெளியிலிருந்து மூடும் மாடலில் மீடியம் குஷனை எடுத்து, மூக்குத்தி குஷனுக்கு உள்ளே வருகிற மாதிரி வைத்துக் காட்டினார். லேசாகக் கசிந்தது. நான் பட்டையை இறுக்கப் போனேன், கையைத் தடுத்து, பட்டையைத் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்து, குஷன் காற்றில் உப்பியதும் மெதுவாக விட்டார். அப்படியே ஒட்டிக்கொண்டது, சத்தம் நின்றுவிட்டது. இறுக்க இறுக்கக் கசிவு கூடும், கன்னத்தில் தழும்பும் விழும் என்றார்.

முகத்தில் மஞ்சள் பூசுவீர்களா, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுப்பீர்களா என்று அவர் கேட்டதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எண்ணெய் பட்டால் சிலிகோன் குஷன் வழுக்கும், சீக்கிரம் கெடும், பட்டையும் தளர்ந்துவிடும், அதனால் எண்ணெயைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றார். ஆன்லைனில் வாங்கியிருந்தால் இதை யார் சொல்வார்கள்? மெஷினை அலமாரியில் போட்டுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள், எல்லோரும் சொல்லும் காரணம் மெஷின் இல்லை, மாஸ்க்தான்.

நான் எடுத்தது ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட், காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையரோடு 58,000, மாஸ்க் தனியாக 7,500. ஆன்லைனில் அதே மெஷின் 10,000 வரை குறைவாகக் காட்டியது. பேரம் பேசியதில் இவர்கள் கொஞ்சம் இறங்கினார்கள், ஆன்லைன் விலைக்கு வரவில்லை. வித்தியாசம் எனக்கு உறுத்தத்தான் செய்தது, ஆனால் வாடகை மாதத்தில் குஷன் சைஸை மாற்றித் தந்தார்கள், ஆரம்பத்தில் காற்று முட்டுகிறது என்று போன் செய்தபோது ராம்ப் நேரத்தை (காற்றின் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும் நேரம்) எப்படிக் கூட்டுவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள், அந்தப் பணத்துக்கு அது சரியாகப் போயிற்று. இப்போது காலையில் திரையில் ஏஹெச்ஐ 2, 3 என்று காட்டுகிறது. மத்தியானம் லெட்ஜர் முன்னால் கண் செருகுவது நின்றுவிட்டது. வீட்டுக்காரர் பல வருடங்களுக்குப் பிறகு அதே அறையில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பதே இல்லை. மாற்றுக் குஷன் என் சைஸில் ஸ்டாக் இருந்ததில்லை, ஒவ்வொரு முறையும் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். குஷன் 3,000 கிட்ட ஆகிறது, அது தேயும் பொருள், வருடா வருடம் வரும் செலவு, விற்கும்போது இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நோ காஸ்ட் ஈஎம்ஐ என்று சொன்னதில் பிராசஸிங் ஃபீஸ் தனியாக வந்தது, நான் மொத்தமாகவே கட்டிவிட்டேன். கடலூரிலிருந்து போகிறவர்களுக்கு பஸ்ஸில் போகவர அரை நாள் போய்விடும், தவளக்குப்பம், அரியாங்குப்பம் நெரிசலைச் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2021 ஜூனில் பிலிப்ஸ் தன் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உட்படப் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது, உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்திருந்த நுரைப் பஞ்சு சிதைந்து துகளாகவும் வாயுவாகவும் மூச்சில் போகலாம் என்று. அந்த வரிசை மெஷின்கள் செகண்ட்ஹேண்டில் இன்னும் சுற்றலாம். எந்த மாடலாக இருந்தாலும் சீரியல் நம்பரைச் சரிபாருங்கள், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று மெனுவில் காட்டச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கென்று இரண்டு செலவுகள் கூட வரும். ஒன்று தண்ணீர். ஹ்யூமிடிஃபையர் தொட்டியில் போர் தண்ணீரை ஊற்றினால் அடியில் வெள்ளையாக உப்புப் படியும், டிஸ்டில்டு வாட்டர் வாங்கித்தான் ஆக வேண்டும். இன்னொன்று கரண்ட். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில்தான் ஓட்டினேன். ஹ்யூமிடிஃபையரின் சூட்டை அணைத்துவிட்டால் மெஷின் இழுக்கும் கரண்ட் வெகுவாகக் குறையும், அப்படி வைத்ததில் இன்வெர்ட்டர் விடியும்வரை தாங்கியது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் மெஷினுக்கு என்று பேட்டரி பேக்கப்பையும் பட்ஜெட்டில் சேருங்கள், கடலூர்க்காரர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை.

வரி விஷயம். நான் வாங்கியபோது மெஷினுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகிவிட்டது, பழைய விலையையே சொன்னால் கேள்வி கேளுங்கள். 60 வயது தாண்டிய அப்பா அம்மாவுக்கு வாங்குகிறீர்கள், அவர்களுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸே இல்லை என்றால், பழைய வருமான வரி முறையில் 80டி என்று அறியப்படும் கழிவின் கீழ் மருத்துவச் செலவுக்கு 50,000 வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, அதனால் யுபிஐயோ செக்கோ கொடுங்கள். பில் நோயாளியின் பெயரில் இருக்கட்டும், மெஷினின் சீரியல் நம்பர், வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்ற விவரம், வாடகை கழித்த கணக்கு மூன்றும் அதில் வர வேண்டும். எனக்கு முதலில் கொடுத்த பில்லில் சீரியல் நம்பர் இல்லை, கேட்டதும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்தால் டெக்னீஷியன் மாஸ்க்குகளோடு வீட்டுக்கே வருவார், புதுச்சேரி எல்லைக்குள் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை, கடலூர் என்றால் 500 ரூபாய்.